முள்ளடைந்த ஆறு ஏக்கர் கொறங்காடு புல்லுக்குத் திரும்பியது: ஒரு நிகழ்வு ஆய்வு

காங்கேயத்திலிருந்து தாராபுரம் செல்லும் வழியில், ஊதியூர் மலை கண்ணுக்குத் தெரியும் தொலைவில், என் தாய்மாமனுக்கு ஆறு ஏக்கர் கொறங்காடு இருக்கிறது. கொறங்காடு என்றால் தரிசு என்று வெளியூரார் எண்ணிக்கொள்வது வழக்கம். அது தரிசு அன்று. சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, தரையில் கொழுக்கட்டைப் புல்லும் அதனூடே நரிப்பயறு போன்ற சிறு கொடிகளும், மேலே நிழல் அடர்ந்துவிடாதபடி இடைவிட்டு நிற்கும் வெள்வேல மரங்கள் என்று, மாடும் செம்மறியும் மேய்வதற்காகவே தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்டு வந்த பட்டா நிலம் அது. ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மி.மீ. மழையே பெய்கிற, சரளையும் சுக்காங்கல் என்ற சுண்ணாம்புக் கல்லும் கலந்த இந்த மேட்டாங்காட்டு மண்ணில் காங்கேயம் மாட்டினம் உருவாகி நிலைத்ததற்கு இந்தப் புல்லும் இந்த வேலியும் முதற்காரணங்கள்.

மாமாவின் கொறங்காடு எட்டு ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்து, முள்ளும் பார்த்தீனியக் களையும் அடைந்து, பிறகு ஆறு ஆண்டு வேலையில் பெரும்பகுதி மீண்டது. அதை மீட்கையில் நாங்கள் முதலாண்டில் செய்த தவறுகள் நிலத்தை முன்னிருந்ததைவிட மோசமாக்கின. இந்த ஆய்வில் அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

நிலம் இருந்த நிலை

அப்புச்சி (அம்மாவின் அப்பா) 2009-இல் மறைந்தார். மாமா அப்போது திருப்பூரில் பனியன் தொழிலில் இருந்தார். மாடுகள் விற்கப்பட்டன, கடவுக்கு, அதாவது காட்டின் நுழைவழிக்கு, போட்டிருந்த படல் மட்கி விழுந்தது, காட்டுப் பக்கம் போவதற்கு யாருக்கும் வேலை இல்லாமல் போயிற்று. 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழகம் முழுவதும் பொய்த்து, மறு ஆண்டின் தொடக்கத்திலேயே மாநிலம் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டபோது, தீவனம் இல்லாமல் மாடுகள் சந்தையில் மலிவாகக் கைமாறியதைப் பார்த்த மாமாவுக்கு ஊருக்குத் திரும்பி மாடு வைக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது. மாட்டுக்கு முன் புல் வேண்டும் என்பதால் 2017 மாசியில் இருவரும் காட்டுக்குள் நுழைந்தோம்.

மேற்குப் பாதி முழுவதும் சீமைக்கருவேலம். சில இடங்களில் குனிந்துகூட உள்ளே போக முடியவில்லை. கிழக்குப் பாதி திறந்த வெளியாக இருந்தது. ஆனால் அங்கே நின்றவை எருக்கும் நாயுருவியும், முந்தைய மழையில் முளைத்துக் காய்ந்த பார்த்தீனியக் குச்சிகளும்தான். கிளுவை வேலியில் சிறிதும் பெரிதுமாகப் பதினான்கு இடங்களில் சந்து விழுந்திருந்தது. நான்கு மூங்கில் குச்சிகளை ஒரு மீட்டர் சதுரமாகக் கட்டி, காட்டின் குறுக்கே நடந்து இருபது இடங்களில் வைத்து, உள்ளே அகப்பட்ட கொழுக்கட்டைப் புல் தூர்களை எண்ணினோம். பதின்மூன்று சதுரங்களில் ஒரு தூர்கூட இல்லை. ஏனையவற்றில் ஒன்று அல்லது இரண்டு. எண்ணிக்கையை நோட்டில் எழுதியபோது எங்கள் கண்ணில் பட்டும் கருத்தில் படாத செய்தி ஒன்று அதில் இருந்தது. தூர் இருந்த சதுரங்களில் பெரும்பாலானவை வெள்வேல மரத்தடியிலோ, முட்கள் அடைந்து ஆடு வாய் வைக்க முடியாத இடத்திலோ இருந்தன.

முதலாண்டு: அவசரத்தின் விலை

சீமைக்கருவேலத்தை விறகுக்கும் கரிக்கும் வெட்டிக்கொள்ள ஒருவர் முன்வந்தார். எங்களுக்குச் செலவில்லை, அவருக்கு மரம் என்று பேச்சு. அவருடைய ஆட்கள் தரையிலிருந்து முழங்கால் உயரம் விட்டு வெட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். சித்திரையில் பெய்த ஒரே கோடை மழைக்கு ஒவ்வொரு கட்டையிலிருந்தும் ஆறு, ஏழு போத்துகள் கிளம்பின. ஒற்றைத் தண்டாக நின்ற மரம் புதராக மாறியதுதான் மிச்சம். 1877-இல் கடப்பைப் பகுதியில் விறகுத் தேவைக்காகக் கொண்டுவந்து வைக்கப்பட்டதாகப் பதிவாகியிருக்கும் மரம் இது. வெட்ட வெட்டத் தழைக்கும் அதே இயல்புக்காகத்தான் அன்று அதைத் தேர்ந்திருப்பார்கள். அடிமரம் வேரோடு சேரும் இடத்தில், மண்ணுக்குள் ஒரு முழம் வரை, உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. அந்தப் பகுதி மண்ணில் இருக்கும்வரை மேலே எத்தனை முறை வெட்டினாலும் மரம் சாகாது.

ஆகவே வைகாசியில் ஜேசிபி கொண்டுவந்தோம். மூன்று நாள் ஓடியது. கட்டைகள் வேரோடு வந்தன. அவற்றோடு இடுப்பளவுக் குழிகளும், அடியிலிருந்த சுக்காங்கல் மேலே வந்து மேல்மண் அடியில் போன புரட்டலும் வந்தன. குழிகளை மூடிச் சமன்படுத்த வேண்டும் என்பதற்காக ஐந்து கொத்துக் கலப்பையை டிராக்டரில் பூட்டி ஆறு ஏக்கரையும் இருமுறை உழுதோம். கிழக்குப் பாதியில் உழுவதற்குத் தேவையே இருக்கவில்லை. வண்டி வந்தது வந்துவிட்டது, அதையும் முடித்துவிடலாம் என்பதைத் தவிர வேறு காரணம் சொல்வதற்கு இல்லை. பக்கத்துக் காட்டுப் பெரியவர் வேலிக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டு, “ஏந்தம்பி, இருக்கற தூரையும் பொரட்டிப் போட்டுட்டா நாளைக்கு மழைக்கு எதுங்க மொளைக்கும்?” என்று கேட்டார். புல் விதை தூவப்போகிறோம் என்று சொன்னேன். அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை.

உழுத காடு ஆடியை எதிர்கொண்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் வீசும் மேல்காற்று இப்பகுதியில் எவ்வளவு வலுவானது என்பதற்குத் தாராபுரம், பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளே சாட்சி. அந்தக் காற்றுக்கு முன்னால் மூடாக்கு இல்லாமல் கிடந்த பொடி மண் கிழக்கு வேலியோரம் வரப்புப் போலக் குவிந்தது. சரளை மட்டும் எஞ்சிய தரையில், ஆவணியின் முதல் மழைக்குப் பிறகு கொழுக்கட்டை விதையைத் தூவி, மேலே மறுபடியும் கலப்பையை ஓட்டி மூடினோம்.

முளைத்தது பார்த்தீனியம். கிழக்கு, மேற்கு என்ற வேறுபாடே இல்லாமல் ஆறு ஏக்கரும் ஒரே பச்சை. புரட்டாசிக் கடைசியில் ஒரே வெள்ளை. இச்செடி இந்தியாவில் முதன்முதலில் கவனிக்கப்பட்டது 1955-இல், புனேயில். ஒரு செடி பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்கக்கூடியது. விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் காத்திருக்கும். எட்டு ஆண்டுகளாக உதிர்ந்து புதைந்து கிடந்த விதை முழுவதையும் எங்கள் கலப்பை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, போட்டிக்கு நின்ற ஒன்றிரண்டு புல்தூர்களையும் அகற்றிக் கொடுத்திருந்தது.

புல் ஏன் முளைக்கவில்லை என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டியிருந்தது. மூன்று தவறுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்திருந்தன. கொழுக்கட்டைப் புல்லின் விதைக்கு உறக்கநிலை உண்டு. அறுவடை செய்த கையோடு விதைத்தால் பெரும்பகுதி முளைக்காது, பல மாதங்கள் வைத்திருந்து விதைக்க வேண்டும். நாங்கள் வாங்கியது அந்தப் பருவத்திலேயே உருவிய புது விதை, விற்றவரும் அதைச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அடுத்து, சுணையோடு கூடிய அந்த இலேசான விதை மண்ணுக்கு அடியில் ஒரு விரற்கடைக்கு மேல் போனால் முளை வெளியே வந்து சேராது. நாங்களோ கலப்பை ஓட்டி மூடினோம். மூன்றாவது, தூவும்போதே பாதியைக் காற்று கொண்டுபோனது, மீதியில் ஒரு பங்கை எறும்பு கொண்டுபோனது.

காரணத்தைத் திரும்பப் பார்த்தது

அந்த ஆண்டு ஐப்பசியில், பார்த்தீனியத்தைப் பிடுங்க வந்த பெண்களில் வயது முதிர்ந்த ஒருவர், “மேய்க்க ஆளில்லாமக் கெட்டுச்சுன்னு சொல்றீங்க கண்ணு, இந்தக் காட்டுல ஒரு நாளாச்சும் ஆடு மேயாம இருந்துச்சா?” என்று கேட்டார். நாங்கள் அதுவரை நம்பியிருந்த காரணத்தை அந்தக் கேள்வி தலைகீழாகத் திருப்பியது.

மேய்க்காமல் விட்டதால் புல் போயிற்று என்று நினைத்திருந்தோம். உண்மையில் எட்டு ஆண்டும் ஓயாமல் மேய்ந்ததால்தான் புல் போயிற்று. வேலிச் சந்துகள் வழியாக யார் ஆடு வேண்டுமானாலும் எந்த மாதத்திலும் உள்ளே வந்தது. முறையாக வைத்திருந்த காலத்தில் அப்புச்சி ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் காட்டை அடைத்துவிடுவார். புல் வளர்ந்து, கதிர் விட்டு, விதை உதிர்த்த பிறகுதான் கடவு திறக்கும். வேலி விழுந்தபின் அந்த ஓய்வு இல்லாமல் போயிற்று. இளம் புல்லை அடிக்கட்டை வரை கரும்பும்போது வேர் தளர்ந்து தூர் சாகிறது, செத்த இடத்தை நிரப்ப விதையும் இல்லை. ஆட்டுக்குப் பிடிக்காத எருக்கு, நாயுருவி, பார்த்தீனியம் அந்த இடத்துக்கு வருகின்றன. சீமைக்கருவேலக் காயோ இனிப்பானது. அதை வெளியே தின்றுவந்த ஆடு, விதையைப் புழுக்கையோடு சேர்த்து எருவும் போட்டு உள்ளே விதைத்துவிட்டுப் போகிறது. மரத்தடியிலும் முள்ளடைப்பிலும் மட்டும் புல்தூர் எஞ்சியிருந்ததன் பொருள் அப்போதுதான் விளங்கியது. நோட்டில் எழுதி வைத்திருந்தும் ஏழு மாதம் படிக்கத் தெரியாமல் இருந்தோம்.

ஆக, களை நோய் அன்று, அறிகுறி. வேலியும் ஓய்வும் திரும்பாமல் களையை மட்டும் எடுத்தால், எடுத்த இடத்தை மறுபடி களையே நிரப்பும்.

இரண்டாம் ஆண்டு முதல்

2018-இல் வேலையை வேலியிலிருந்து தொடங்கினோம். கோடையில் இலையுதிர்ந்து நிற்கும் கிளுவையிலிருந்து கைத்தடிப் பருமனில் போத்துகளை வெட்டி, கோடை மழைக்கு முன்னும் பின்னுமாகச் சந்துகளில் நெருக்கி நட்டோம். அவை வேர்பிடித்து அடையும்வரை வெள்வேல முள்ளை வெட்டி அடைத்தோம். கடவுக்குப் புதுப் படல் போட்டோம். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பட்டுப்போனதை மறு ஆண்டு மாற்றி நட்டதோடு இரண்டு ஆண்டில் வேலி அடைந்துவிட்டது. கம்பிவேலி போட்டிருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கான விலையைப் புல் திருப்பித் தராது.

மீண்டும் தலையெடுத்த சீமைக்கருவேலத்துக்கு ஜேசிபியை அழைக்கவில்லை. மழை பெய்து மண் இளகிய நாட்களில், ஒவ்வொரு கட்டையைச் சுற்றியும் கடப்பாறையால் ஒரு முழம் தோண்டி, வேர்ப்பிடிப்புக்குக் கீழே வெட்டி எடுத்தோம். நாளொன்றுக்கு ஓர் ஆள் பத்துப் பன்னிரண்டு கட்டைகளுக்கு மேல் எடுக்க முடியாது. மெதுவான வேலைதான். ஆனால் குழி சிறியது, அன்றைக்கே மூடலாம், பக்கத்துத் தூர் அசையாது. புழுக்கையிலிருந்து முளைத்த கன்றுகளை மழை நாளில் கையால் பிடுங்கினால் வேரோடு வந்துவிடும். அது முழங்கால் உயரம் வளரும்வரை விட்டால் மறுபடியும் கடப்பாறைதான்.

பார்த்தீனியத்துக்கு மருந்தடிப்பதா என்ற பேச்சு வீட்டில் நீண்ட நாள் நடந்தது. எல்லாப் பச்சையையும் கருக்கும் மருந்து எஞ்சிய புல்லையும் கருக்கும். அகன்ற இலைச் செடியை மட்டும் கொல்லும் 2,4-டி புல்லை விட்டுவைக்கும், ஆனால் நரிப்பயற்றையும் சேர்த்துக் கொல்லும். அதன் சாரல் காற்றில் போய்ப் பக்கத்துக் காட்டு முருங்கையிலும் பருத்தியிலும் பட்டால் ஊரில் முகம் காட்ட முடியாது. மேல்காற்று அடிக்கும் நாட்டில் இது சிறிய அச்சம் அன்று. ஆகவே பூ விடும் முன், ஈரம் இருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்குவது என்று முடிவாயிற்று. முளைத்த ஒன்றரை மாதத்துக்குள் பூத்துவிடும் செடி என்பதால் ஒரு மழைப் பருவத்தில் மூன்று முறை காட்டைச் சுற்றிவர வேண்டியிருந்தது. கையுறை இல்லாமல் ஒரு நாள் பிடுங்கிய மாமாவுக்கு முழங்கை வரை தடித்து, அரிப்பு இரண்டு வாரம் நிற்கவில்லை. 2019 மழைக்காலத்தில் இலைகளைச் சல்லடையாக்கும் கோடுபோட்ட சிறு வண்டுகள் செடிகளில் காணப்பட்டன. மெக்சிகோவிலிருந்து தருவிக்கப்பட்டு 1984-இல் பெங்களூருப் பகுதியில் வெளிவிடப்பட்ட வண்டு தானாகப் பரவி வந்தது. இப்பகுதி முதியவர்களுக்கு இத்தகைய உதவி புதிதன்று. அவர்களுக்கு முந்திய தலைமுறையில் காடு காடாக அடைந்து கிடந்த சப்பாத்திக் கள்ளியை, 1926-இல் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்கு வந்த வெள்ளைப் பூச்சி தின்று தீர்த்ததை இன்னமும் சொல்வார்கள். பார்த்தீனிய வண்டு அந்த அளவுக்குச் செய்யவில்லை. கோடையில் அது மண்ணுக்குள் அடங்கிவிடும், செடியோ முதல் ஈரத்துக்கே முளைத்து முந்திக்கொள்ளும். கைப்பிடுங்கலில் ஒரு சுற்றை மிச்சப்படுத்தியது என்று மட்டும் சொல்லலாம்.

விதை

இந்த முயற்சியில் எனக்கு மிகுந்த மனநிறைவு தந்த பகுதி இது. வெளியில் விதை வாங்குவதை நிறுத்திவிட்டு, உழவில் தப்பிய மரத்தடித் தூர்களையே விதைக்கு நம்பினோம். வறட்சியையும் ஆட்டையும் டிராக்டரையும் தாங்கி நின்ற தூரின் விதையைவிட அந்த மண்ணுக்கு ஏற்றது வேறு கிடைக்காது என்பது என் எண்ணம். 2017 மார்கழியில் கதிர் பழுத்து, தொட்டால் உதிரும் பதத்தில், காலைப் பனியோடு கையால் உருவி, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டி வைத்தோம். உருவிய மாதத்தில் ஈரச் சாக்கில் நூறு விதையை முளைக்க வைத்துப் பார்த்தபோது பத்துக்கும் குறைவாகவே முளைத்தன. மறு புரட்டாசியில் அதே பையிலிருந்து எடுத்த நூறில் நாற்பதுக்கு மேல் முளைத்தன. உறக்கநிலை என்று படித்திருந்தது கண்ணெதிரே தெரிந்தது.

காற்றுக்கும் எறும்புக்கும் தப்ப, விதையைச் சாணிக் கரைசலில் நனைத்து, சலித்த செம்மண்ணில் புரட்டிச் சிறு உருண்டைகளாக்கி உலர்த்தினோம். காட்டை முழுவதும் உழாமல், சரிவுக்குக் குறுக்காக நான்கடி அகலப் பட்டைகளாக மட்டும் மேலோட்டமாகக் கொத்திவிட்டோம். இரண்டு பட்டைகளுக்கு நடுவே இருபதடி நிலம் இருந்தபடியே விடப்பட்டது. புரட்டாசிக் கடைசியில், பருவமழைக்கு முந்தைய வாரம், உருண்டைகளைப் பட்டைகளில் தூவி, வேல முள் கொத்து ஒன்றை மேலே இழுத்துவிட்டதோடு சரி, மூடவில்லை. கூடவே நரிப்பயறும், பட்டைக்கு ஒரு வரிசை சோளமும் போட்டோம். சோளம் காற்றைத் தடுத்து, பார்த்தீனியத்துக்கு நிழல் போட்டு, புல் காலூன்றும்வரை இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கொறங்காட்டில் புல் குறைந்தால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது சோளம் விதைக்கும் பழைய வழக்கத்தின் சிறு வடிவம்தான் இது. பூத்த பிறகே தட்டை அறுத்தோம். மழையில்லாமல் வாடிய இளஞ்சோளம் மாட்டுக்கு நஞ்சு என்பதால் அதில் அவசரப்படவில்லை.

முதல் மழையில் பட்டைகளில் புல் முளைத்தது அடர்த்தியாக இல்லை. சாண் தூரத்துக்கு ஒன்று, சில இடங்களில் முழத்துக்கு ஒன்று. ஆனால் அடுத்த ஆண்டு அவையே கதிர்விட்டு, நடுவில் விட்டிருந்த நிலத்துக்கு விதையை அனுப்பின. ஆறு ஏக்கரையும் நாங்கள் விதைக்க வேண்டியிருக்கவில்லை.

மேய்ச்சலும் ஒரு சறுக்கலும்

முதல் இரண்டு ஆண்டு எந்தக் கால்நடையும் உள்ளே விடப்படவில்லை. 2020 தையில் காட்டை முள்ளடைப்பால் மூன்றாகப் பிரித்து, ஒன்றில் மேயும்போது மற்ற இரண்டும் ஓய்வெடுக்கும்படி செய்தோம். புல் நான்கு விரற்கடைக்குக் கீழே இறங்கினால் அடுத்த பகுதிக்கு மாற்றுவது என்பது ஒரே விதி. ஐப்பசி, கார்த்திகையில் மூன்று பகுதிகளும் அடைக்கப்படும்.

2021 சித்திரையில், எருவுக்காக வெளியூர்ச் செம்மறிப் பட்டி ஒன்றை நடுப்பகுதியில் பத்து இரவு அடைக்க விட்டோம். அவை பகலெல்லாம் ஓடையோரச் சீமைக்கருவேலக் காயைத் தின்றுவந்தன என்பதை யாரும் யோசிக்கவில்லை. அந்த மழைக்குப் பட்டி கிடந்த வட்டத்தில் முளைத்த கன்றுகளைப் பிடுங்க நான்கு பேருக்கு இரண்டு நாள் பிடித்தது. காரணத்தை எழுதி வைத்திருந்த நோட்டே என்னிடம் இருந்தது என்பதால் குறை சொல்ல வேறு ஆள் இல்லை. இப்போது வெளிப்பட்டியை அடைப்பதானால், சீமைக்கருவேலக் காய் உதிராத மாதத்தில்தான்.

இன்றைய நிலை

2023 தையில், அதே மூங்கில் சதுரத்தை அதே வழியில் இருபது இடங்களில் வைத்தோம். பதினாறில் தூர் இருந்தது. பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வரை. தை தொடங்கிச் சித்திரை முடிய இரண்டு பசுக்களும் ஒரு கிடாரியும் பன்னிரண்டு செம்மறிகளும் இங்கேயே மேய்ந்தன. கோடையில் வெள்வேலங்காய் உதிர்ந்த நாட்களில் மாலையில் சோளத்தட்டுப் போடவேண்டிய தேவையும் குறைந்தது. பார்த்தீனியம் அற்றுப்போகவில்லை. வேலியோரத்திலும் கடவிலும் ஆண்டுதோறும் முளைக்கிறது, மழைக்கு ஒரு சுற்றுப் பிடுங்கினால் அடங்குகிறது.

தூர் இல்லாத நான்கு சதுரங்களும் மேற்குப் பாதியில், ஜேசிபி குழி எடுத்த இடங்களில் இருக்கின்றன. அடியிலிருந்து மேலே வந்த சுக்காங்கல்லில் ஆறு ஆண்டாகியும் எருக்கும் நெருஞ்சியும் தவிர எதுவும் நிற்கவில்லை. சென்ற மாசியில் அங்கே ஆட்டுப் புழுக்கையைக் கொட்டி, அதன்மேல் வேலங்கொம்புகளைப் பரப்பி வைத்தோம். காற்றடித்துக் கொண்டுவரும் மண்ணும் விதையும் கொம்புகளில் தங்குகிறதா என்று இந்த ஐப்பசி மழைக்குப் பிறகு எண்ணிப் பார்க்க வேண்டும்.